கீழ்க்கட்டளை, இரண்டாவது மாடி

பழைய டைரியில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்:
பகுதி, சதுர அடி, பிரிபடாத பங்கு,
வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு,
மெட்ரோ தண்ணீரா, போரா, லாரியா.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு
மழைக்கு நிற்குமா.

பதினோரு வீடு பார்த்தாயிற்று.
மடிப்பாக்கத்தில் நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே
உள்ளே ஒருவர் முன்பணம் எண்ணிக்கொண்டிருந்தார்.
புழுதிவாக்கத்தில் சமையலறை பிடித்திருந்தது.
கலந்துகிட்டு சொல்றோம் என்றோம்.
கலந்து முடிப்பதற்குள் நான்கு லட்சம் ஏறிவிட்டது.
"கலந்து பேசறதெல்லாம் காசு இருக்கறவங்க பழக்கம்மா"
என்றார் தரகர் சற்குணம்,
இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு ஆயத்தமானோம்.
என் சிபில் எழுநூற்று எண்பத்தொன்று.
இளம்பரிதிக்கு அறுநூற்றுத் தொண்ணூறு.
கல்யாணத்துக்கு முன் வாங்கிய பைக்குக்கு
மூன்று தவணை தவறியிருக்கிறார்.
வங்கி மேலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
வீடு திரும்பும்வரை வண்டியில் இருவரும் பேசவில்லை.

வங்கி கொடுக்கிறேன் என்கிற தொகையும்
நாங்கள் கட்டிவிடக் கூடிய தொகையும்
ஒன்றில்லை என்று விளங்க
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.
ஆரத்தைக் கடையில் எடை போட்டேன்.
விற்கவில்லை,
எடையை மட்டும் டைரியில் எழுதினேன்.
கைப்பையில் இப்போது
பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை,
குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே.

பன்னிரண்டாவது, கீழ்க்கட்டளை.
லிப்ட் முனகியது.
குளியலறையில் ஒரு டைல் மட்டும் வேறு நீலம்.
பால்கனியில் நின்றால்
பக்கத்து மாடியின் துணி கைக்கு எட்டும்.
ஆனாலும் கூடத்தில் நின்றபோது
சோபாவை எங்கே போடலாம் என்று
இருவரும் ஒரே மூலையைப் பார்த்தோம்.
எங்களிடம் சோபா கிடையாது.

இறங்கும்போது படியில் எதிரே ஒரு குடும்பம்.
அவள் கையில் அளவு டேப்.
டேப் கொண்டுவரத் தோன்றவில்லையே என்று
தெருமுனை வரை என்னையே திட்டிக்கொண்டேன்.
திங்கள் பத்து மணிக்கு வரச் சொன்னார் உரிமையாளர்,
எங்களையும் அவர்களையும்.

ஞாயிறு இரவு கொட்டித் தீர்த்து
பத்தே முக்காலுக்கு விட்டது.
பிள்ளையும் அவரும் தூங்க, நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.
தெரு வடிந்து கிடந்தது. மேடுதான், நல்ல மேடு.
கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டிக்குள்
ஒரு பூனை, மூன்று குட்டிகள்.
அட்டை மொரமொரவென்று காய்ந்திருந்தது.

அப்போதுதான் இன்னொரு வண்டியின் வெளிச்சம்.
ரெயின்கோட்டோடு அவள்.
"தண்ணி நின்னுச்சாங்க?"
"முட்டி அளவு. இப்பதான் வடிஞ்சுது."
யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

அவள் தெருவைப் பார்க்கவில்லை.
குனிந்து பெட்டியின் அடியை
ஒரு விரலால் தொட்டாள்.
பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லை.
"பாத்துப் போங்க. மெயின் ரோடு திரும்பறப்போ
இடது பக்கம் பள்ளம் இருக்கு, தண்ணில தெரியாது."

பள்ளம் இருந்தது.

காலை எட்டரைக்குச் சற்குணம் கூப்பிட்டார்.
"ஜெசிந்தா மேடம் ஆறு மணிக்கே வந்து
டோக்கன் கொடுத்துட்டாங்கம்மா. வேற காட்றேன்."
இளம்பரிதி இட்லியைப் பிட்டபடி
எப்படி முந்திக்கொண்டார்கள் என்று கேட்டார்.
தெரியலை என்றேன்.

டைரியை எடுத்தேன்.
பன்னிரண்டாவது வரிசையில்
ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.
எழுதினேன்:
நிற்காது.